விதையா, குச்சியா? வேலூர் வெயிலில் செடி பெருக்கத் தொடங்குபவர்களுக்கு

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ புதிதாக வீடு கட்டிக் குடிவந்து, பின்பக்கம் கொஞ்சம் மண்தரையும் மொட்டை மாடியில் பத்துத் தொட்டிக்கு இடமும் கிடைத்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை விதை போட்டு வளர்க்கணுமா, குச்சி வெட்டி நட்டால் போதுமா?" பதில் செடிக்குச் செடி மாறும். அதைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் மாறாது. உங்களுக்கு அந்தச் செடியே வேண்டுமா, அதன் வாரிசு ஒன்று போதுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பூவில் மகரந்தம் சேர்ந்து உண்டாகும் விதையில் தாய்ச்செடியின் பங்கு பாதி, மகரந்தம் கொடுத்த செடியின் பங்கு பாதி. இது பாலினப் பெருக்கம். அந்தப் பாதியில் எந்தெந்தக் குணம் வரும் என்பது ஒவ்வொரு விதையிலும் வேறு. அதனால்தான் இனிப்பான கொய்யாவைத் தின்றுவிட்டு விதையைப் போட்டால், நாலு வருடம் கழித்து வரும் பழம் பெரும்பாலும் அந்தக் கொய்யாவாக இருப்பதில்லை. தண்டு, வேர், இலை, கிழங்கு, பக்கக்கன்று என்று செடியின் உடலிலிருந்தே வளர்வது பாலிலாப் பெருக்கம். அதில் மகரந்தத்துக்கு வேலை இல்லை. வருவது தாய்ச்செடியின் நகல்.

கொய்யா, மா, மல்லி போன்றவற்றில் நகலே நல்லது. கத்திரி, வெண்டை, சுரை, பூசணிக்கு விதைதான். முருங்கை, கறிவேப்பிலை போன்ற சிலவற்றை இரண்டு வழியிலும் வளர்க்கலாம்.

முதல் வேலை: ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள்

தெருவுக்குத் தெரு செம்பருத்தி இருக்கிறது. ஐந்து இதழ் உள்ள ஒற்றைப் பூ ஒன்றைப் பறியுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அதில் உறுப்புகள் குழம்பிவிடும். நடுவில் நீளமாக ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்பாதியில் மஞ்சள் பொடி ஒட்டிய சின்னச் சின்ன உருண்டைகள் மகரந்தப்பைகள், அதாவது ஆண் பகுதி. குழலின் நுனியில் தெரியும் ஐந்து பொட்டுகள் சூல்முடி, அது பெண் பகுதி. இதழ்களைக் கிழித்துவிட்டு அடிப்பகுதியை நகத்தால் கீறினால் சூலகம் தெரியும். அதற்குள் மணிமணியாக இருப்பவை சூல்கள். ஒவ்வொரு சூலும் விதையாக மாறக் காத்திருக்கிறது.

மகரந்தத் தூள் சூல்முடியில் ஒட்டியதும் முளைவிடும். மெல்லிய ஒரு குழாய், சூல்முடியைச் சூலகத்தோடு இணைக்கும் சூல்தண்டுக்குள் இறங்கிச் சூலை அடையும். அந்தக் குழாய் வழியாக வருவது இரண்டு ஆண் அணுக்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் மைய செல்லோடு சேர்ந்து அந்தக் கருவுக்கான உணவைத் தயார் செய்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்தார். பூக்கும் தாவரங்களுக்கே உரிய வேலை இது.

இந்த இரண்டாவது சேர்க்கையின் பலனை நாம் தினமும் அரைத்துச் சட்னி செய்கிறோம். தேங்காயின் பருப்பும் இளநீரும் அந்த உணவுத் திசுதான். உண்மையான கரு, மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் ஒன்றின் கீழே ஒரு சிறு முளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் விற்கும் தேங்காய்ப் பூவும் பூ இல்லை. முளைத்த தேங்காய்க்குள் பருப்பையும் நீரையும் உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்ப, வித்திலையின் (விதைக்குள் இருக்கும் முதல் இலையின்) ஒரு பகுதி பஞ்சுபோல் பருத்துவிடுகிறது. அதைத்தான் கீறித் தருகிறார்கள்.

கத்திரி: தன் விதையை எடுக்கப் பழகுங்கள்

வேலூரில் விதை எடுக்கக் கற்றுக்கொள்ள முள்ளுக் கத்திரியைவிட நல்ல செடி இல்லை. அணைக்கட்டு ஒன்றியத்தின் இலவம்பாடிப் பகுதியில் தலைமுறையாக விளையும் ரகம். காம்பிலும் தண்டிலும் இலையிலும் முள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.எம். 1 ரகமும் இந்தக் கத்திரியிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். வழிவழியாக விதை எடுத்துப் பயிரிட்டுவந்த ரகம் என்பதால் அதன் விதையை எடுத்துப் போட்டால் கிட்டத்தட்ட அதே கத்திரி வரும். கம்பெனி ஹைபிரிட் பாக்கெட்டில் இது நடக்காது. அது இரண்டு வெவ்வேறு வம்சங்களின் முதல் தலைமுறை. அதன் பழத்து விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கசப்பு என்று பிரிந்துபோகும்.

கத்திரிப்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் புதியவர்கள் "பூ பூக்குது, காய் பிடிக்கல" என்று அலுத்துக்கொள்வார்கள். பூவைக் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். அந்தக் கூம்புக்கு வெளியே பச்சைச் சூல்முடி எட்டிப்பார்த்தால் அது நீண்ட சூல்தண்டுப் பூ, காய் பிடிக்கும். சூல்முடி கூம்புக்குள்ளேயே குட்டையாக அமுங்கிக்கிடந்தால் அந்தப் பூ உதிர்ந்துவிடும். ஒரே செடியில் இரண்டு வகையும் இருக்கும். எல்லாப் பூவும் காயாகவில்லையே என்று மருந்துக் கடைக்கு ஓடத் தேவையில்லை.

இன்னொரு சங்கதி. கத்திரியின் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் சின்னத் துளை மட்டும்தான். தக்காளியைப்போலவே இதிலும் உலுக்கினால்தான் பொடி கொட்டும். கரிய பெரிய தச்சு வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது செய்யும் வேலை இதுதான். நம் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. மாடித் தோட்டத்துக்கு வண்டு வரவில்லை என்றால் காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், போதும். பூக்கும் பருவத்தில் காலையில் பூச்சிமருந்து தெளிப்பது வரவேண்டிய வண்டையும் விரட்டும் காரியம்.

விதைக்கென்று காய் விடுவது எப்படி? நன்றாகக் காய்க்கும், நோயில்லாத, நீங்கள் விரும்பும் உருவத்தில் காய்க்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டில் நீளக் கத்திரி இருந்தால் பூச்சி வழியாகக் கலப்பு வரலாம். அதனால் நாளை மலரப்போகும் மொட்டுக்கு மெல்லிய துணிப் பை ஒன்றைக் கட்டுங்கள். தினமும் காலையில் பையோடு சேர்த்துச் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள். ஊதா நிறம் போய் மஞ்சளாகித் தொட்டால் நெகிழும் வரை செடியிலேயே விடுங்கள். பிறகு அறுத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கும் விதையை மட்டும் எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். மாடிச் சிமெண்டுத் தரையில் மதிய வெயிலில் பரப்பினால் விதைக்குள் இருக்கும் கரு வெந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

சித்திரை, வைகாசியில் பூ உதிர்வதற்குக் காரணம் வேறு. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கத் தொடங்கும். வேலூரில் கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதங்களில் செடியை உயிரோடு காப்பாற்றினால் போதும், காயை எதிர்பார்க்க வேண்டாம்.

கொடிகள்: ஆண்பூ, பெண்பூ, கடிகாரம்

சுரை, பூசணி, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் ஒரே கொடியில் ஆண்பூவையும் பெண்பூவையும் தனித்தனியாகப் பூக்கும். அடையாளம் காண்பது எளிது. பூவுக்குப் பின்னால் குட்டிச் சுரைக்காய் தொங்கினால் பெண். வெறும் நீளக் காம்பு மட்டும் என்றால் ஆண். கொடி முதலில் ஆண்பூவாகத்தான் தள்ளும். "எல்லாம் ஆண்பூவா வருது, கொடியைப் பிடுங்கிடலாமா" என்று கேட்பவர்கள் இரண்டு வாரம் பொறுங்கள். யூரியா போட்டுக் கொடியைக் கொழுக்கவைத்தால் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும்.

பெண்பூவின் குட்டிக்காய் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நீங்களே செய்யலாம். இங்கே பலர் தவறவிடுவது நேரத்தை. பூசணியும் பாகலும் காலையில் மலரும்; அவற்றுக்கு விடிந்ததும் கைவைக்க வேண்டும், எட்டு மணிக்குமேல் பயன் குறைவு. சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் மலர்பவை. சுரைப்பூ வெள்ளையாக இருப்பதே அந்தியில் வரும் விட்டில்களுக்காக. ஆபீஸ் விட்டு வந்து, காபி குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போனால் சரியாக இருக்கும். அன்று மலர்ந்த ஆண்பூவைப் பறித்து இதழ்களைப் பிய்த்துவிடுங்கள். நடுவில் மஞ்சளாக நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் உள்ள சூல்முடி மேல் மெதுவாக எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குத் தாங்கும். சூல்முடியின் ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் பட்டால் காய் கோணலாக வரக்கூடும்.

விதைக்கு வேண்டும் என்றால் ஒரே ரகத்தின் ஆண்பூவைத்தான் பயன்படுத்த வேண்டும். தடவியபின் பெண்பூவின் வாயை நூலால் கட்டிவிடுங்கள். குழம்புக்கு மட்டும் என்றால் எந்தச் சுரையின் மகரந்தமும் ஒன்றுதான். காயின் சதை தாயுடையது. கலப்பு விதைக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஆண் மரம், பெண் மரம்

சில செடிகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம். பனை அப்படித்தான். நுங்கு வேண்டும் என்று பனங்கொட்டை புதைத்தால், அது பெண்ணா என்று தெரியப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகலாம். ஏரிக்கரையில் நடுங்கள், வீட்டுத் தோட்டத்தில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

பப்பாளியில் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். ஒரு குழிக்கு மூன்று கன்றாக நடுங்கள். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டிக் குண்டாகப் பூத்தால் பெண். ரெட் லேடி போன்ற ரகங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்த இருபால் பூ உள்ள மரமும் வரும். அதன் பழம் நீளமாக இருக்கும், கடைக்காரர்களுக்குப் பிடித்தது அதுதான். ஆண், பெண் தனித்தனியான ரகமாக இருந்தால் இருபது பெண்ணுக்கு ஓர் ஆணை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம். வீட்டில் இரண்டு மூன்று மரம்தான் என்றால் இருபால் ரகத்தை வாங்கிவிடுங்கள், தொல்லை இல்லை.

வேர்க்கடலை, நம்ம ஊர் அதிசயம்

வட ஆற்காடு மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை பார்க்காதவர் இல்லை. ஆனால் பூவுக்கும் காய்க்கும் நடுவில் நடப்பதைப் பலர் பார்த்ததில்லை. ஒரு பெரிய தொட்டியில் தோல் கிழியாத பச்சைக் கடலை நாலைந்தை ஊன்றிப் பாருங்கள். மஞ்சள் பூ விடியற்காலையில் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றே வாடிவிடும். சில நாளில் அந்த இடத்திலிருந்து ஊசிபோல ஒன்று கீழ்நோக்கி நீளும். விவசாயிகள் விழுது இறங்குகிறது என்பார்கள். அந்த விழுதின் நுனியில்தான் கருவுற்ற சூலகம் இருக்கிறது. மண்ணுக்குள் போய் இருட்டான பிறகுதான் அது காயாகப் பருக்கும்; மண் இறுகிக்கிடந்து நுழைய முடியாவிட்டால் வீணாகிவிடும். விதைத்த 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். அதற்குப்பின் களைக்கொத்தி கொண்டு செடியின் அடியைக் கிளறவே கூடாது.

இதைச் சொல்லக் காரணம், மண்ணுக்குள் காய்ப்பதால் இதையும் கிழங்கு கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. மண்ணுக்குள் கிடந்தாலும் இது பூவில் பிறந்த விதை. உருளைக்கிழங்கும் மஞ்சளும் மண்ணுக்குள் கிடக்கும் தண்டுகள். விளைந்த இடம் முக்கியமில்லை, பூ வழியாக வந்ததா என்பதே கணக்கு.

மாவிலும் எலுமிச்சையிலும் இந்தக் கணக்கையும் ஏமாற்றும் வேலை நடக்கிறது. எலுமிச்சை விதை ஒன்றை ஊன்றினால் சில சமயம் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் ஒன்று மகரந்தம் சேர்ந்த கருவாக இருக்கலாம். மற்றவை சூலில் உள்ள தாயின் திசுவிலிருந்தே கிளம்பிய கருக்கள். விதையிலிருந்து வந்தாலும் அவை தாயின் நகலே. அதனால் நாட்டு எலுமிச்சையை விதை போட்டு வளர்த்தாலும் பழம் பெரிதாக மாறுவதில்லை; காய்க்கத்தான் வருடங்கள் ஆகும். நம் பக்கத்து மா ரகங்களான பங்கனப்பள்ளி, நீலம், பெங்களூரா போன்றவற்றில் கொட்டைக்கு ஒரு கருதான், அதுவும் கலப்புக் கரு. எனவே மாங்கொட்டை போட்டு பங்கனப்பள்ளியை எதிர்பார்க்காதீர்கள். கேரளக் கரையின் ஒளூர், சந்திரக்காரன் போன்ற ரகங்களில் எலுமிச்சை போலவே பல கருக்கள் உண்டு.

இனி குச்சி

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ரணகள்ளியில் தொடங்குங்கள். அதன் சதைப்பற்றுள்ள இலை ஒன்றை ஈரமண் மேல் படுக்கவைத்தால் சில நாளில் விளிம்பின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் வேரோடு குட்டிச்செடி கிளம்பும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று பேர் வாங்கிய செடி இது. எல்லாச் செடியும் இலையிலிருந்து இப்படி வராது. பெரும்பாலானவற்றுக்குத் தண்டில் கணு வேண்டும்.

நம் தோட்டத்தில் குச்சியால் பெருக்க வேண்டியவை: குண்டுமல்லி, முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை, டெல்லி கனகாம்பரம். கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண ஆரஞ்சுக் கனகாம்பரத்தின் காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டதும் காய் 'படக்' என்று வெடித்து விதையைத் தூவும். டெல்லி கனகாம்பரம் மும்மடிய ரகம், அதாவது குரோமோசோம் தொகுப்பு இரண்டுக்குப் பதில் மூன்று. அவை சரியாக இரண்டாகப் பிரிய முடியாததால் அது விதை கட்டுவதில்லை. நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும் அந்தப் பூவின் ஒவ்வொரு செடியும் யாரோ குச்சி வைத்து வளர்த்ததுதான். நாம் தின்னும் பெரும்பாலான வாழைப்பழங்களில் விதை இல்லாததற்கும் காரணம் இதுவே.

மல்லிக் குச்சி வைக்கும் முறை இது. மற்றவற்றுக்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும். ரொம்ப இளசான பச்சைத் தண்டும் வேண்டாம், முற்றிய மரத்தண்டும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, இன்னும் வளைத்தால் முறியும் பதத்தில் உள்ள தண்டை எடுங்கள். மூன்று நாலு கணு இருக்கட்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் கணுவுக்கு மேலே நேராகவும் வெட்டுங்கள். சாய்வு வெட்டு எதற்கென்றால் எது அடி, எது தலை என்று மறக்காமல் இருக்க. தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் காய்ந்துபோகும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேல் இலைகளைப் பாதியாக வெட்டுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர் ஊக்கிப் பொடி கிடைத்தால் தொட்டுக்கொள்ளலாம். தேன், கற்றாழை என்று சொல்லும் வைத்தியங்களைவிட நிழலும் மாறாத ஈரமும்தான் குச்சியைப் பிழைக்கவைக்கின்றன என்பது என் எண்ணம்.

மண்: செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு மூன்றும் கலந்தால் போதும். பாலாற்று மணலைத் தேடிப் போகாதீர்கள், ஆற்றில் மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும். தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதும், அதன்மேல் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் ஊரறிந்த கதை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பல போர்வெல் தண்ணீர் இன்னும் உப்புதான். வளர்ந்த தென்னை தாங்கும். வேரே இல்லாத குச்சி தாங்காது. வேர் பிடிக்கும் வரை மழைநீரோ குழாயில் வரும் குடிநீரோ ஊற்றுங்கள். பிளாஸ்டிக் கவரால் மூடி ஈரம் காப்பவர்கள் நிழலில் மட்டும் அதைச் செய்யுங்கள். வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பதைவிடப் பெரிய துரோகம் குச்சிக்கு இல்லை. புது இலை விட்டபின்னும் இரண்டு வாரம் தொடாதீர்கள்.

முருங்கைக்குக் கை அளவு தடிப்புள்ள கிளை வேண்டும், அதாவது போத்து. மூன்று நாலு அடி நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் சாய்த்து வைத்து, மழைக்காலத்தில் நேராகக் குழியில் நடுங்கள். மேல் வெட்டில் சாணம் அப்புவது ஈரம் போகாமல் தடுக்கும். நல்ல காய் காய்க்கும் மரத்துப் போத்தாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். செடி முருங்கைக்கு இந்த வேலையே வேண்டாம், விதை போட்டாலே அந்த வருடம் காய்த்துவிடும்.

கறிவேப்பிலை குச்சியில் லேசில் வராது. தாய் மரத்தின் வேரிலிருந்து அடியில் கிளம்பும் கன்றைத் தேடுங்கள். இணைக்கும் வேரை மட்டும் கடப்பாரை முனையால் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே சில வாரம் விடுங்கள். அது தன் வேரை ஊன்றிக்கொண்டபின் மண்ணோடு பெயர்த்து எடுக்கலாம். விதையாக என்றால் கறுத்துப் பழுத்ததைச் சதை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். மாதக்கணக்கில் வைத்தால் முளைக்காது. வேப்பங்கொட்டையும் அப்படியே.

வாழைக்கு ஈட்டிபோல ஒடுங்கிய இலையுள்ள கன்றுதான் நல்லது. அகல இலையோடு மேலாக நிற்கும் நீர்க்கன்று பார்க்கச் செழிப்பாக இருக்கும், குலை சிறுக்கும்.

பதியம்: கொய்யாவுக்கு

குச்சியை வெட்டி நட்டால் வேர் வருமுன் காய்ந்துவிடும் மரங்களுக்கு, மரத்திலேயே வேர் வரவைத்துப் பிறகு வெட்டுவதுதான் விண்பதியம். ஆடி முதல் ஐப்பசிக்குள் மழை ஈரத்தோடு செய்யுங்கள்.

பென்சில் தடிப்புள்ள, ஒரு வருடம் வளர்ந்த கிளையில் ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிடுங்கள். உள்ளே வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். கத்தியின் முதுகால் அதையும் சுரண்டுங்கள். இதை விட்டால் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் வராது. மரப்பகுதி வழியாக வேரின் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும், அதனால் கிளை வாடாது. ஆனால் இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் இறங்கும். அந்த வழி அறுந்துவிட்டதால் உணவு வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கும். வேர் அங்கேதான் கிளம்பும். நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியையோ நார்க்கழிவையோ அந்த இடத்தில் உருண்டையாக வைத்து, பாலித்தீன் தாள் சுற்றி, இரு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். தாள் நிறமில்லாமல் இருந்தால் வேர் வருவது வெளியிலிருந்தே தெரியும். ஒன்றரை மாதம் ஆகலாம்.

வெள்ளை வேர் பழுப்பாகும்போது வளையத்துக்குக் கீழே பாதி ஆழத்துக்கு வெட்டிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். பிறகு முழுதாக அறுங்கள். ஒரே வெட்டில் அறுத்தால் பாதிக்குப் பாதி வாடிப்போகும்.

ஒட்டு: வாங்கும்போது பார்க்க வேண்டியது

மா ஒட்டுக்கட்டுவதை, அதாவது கொட்டை நாற்றின் மேல் நல்ல ரகத்துக் குச்சியைப் பொருத்துவதை, புதியவர் முதல் வருடமே முயல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விருப்பம் இருந்தால் ஆனி, ஆவணியில் கொட்டை ஒட்டு செய்து பாருங்கள். கொட்டை முளைத்து, குருத்திலை இன்னும் செம்பு நிறத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து நாள் நாற்றைத் தேர்ந்தெடுங்கள். தாய் மரத்துக் கிளையின் இலைகளை ஒரு வாரத்துக்கு முன்பே, காம்பை விட்டுவிட்டு வெட்டிவைத்தால் நுனி மொட்டு பருத்து நிற்கும். நாற்றைத் தலை வெட்டி நடுவில் ஓர் அங்குலம் பிளந்து, ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்புபோல் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுங்கள். பட்டைக்குக் கீழுள்ள வளர்திசு இரண்டிலும் ஒரு பக்கமாவது நேராகச் சேர வேண்டும். தடிப்பு ஒத்துவராவிட்டால் ஒரு பக்க விளிம்பைச் சேருங்கள், நடுவில் வைக்காதீர்கள்.

நர்சரியில் "ஒட்டுக் கன்னுதான் சார், மூணே வருசத்துல காய்க்கும்" என்பார்கள். நம்புவதற்கு முன் தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பைத் தடவிப் பாருங்கள். தழும்பே இல்லாவிட்டால் அது கொட்டைக் கன்று. தழும்புக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அதைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் நாட்டு மா வளரும், நீங்கள் காசு கொடுத்த ரகம் செத்துவிடும்.

நகல் எடுப்பதில் இருக்கும் ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தாய்க்கு வைரஸ் இருந்தால் குச்சிக்கும் கன்றுக்கும் அதுவும் சேர்ந்து வரும். வாழையில் முடிக்கொத்து நோயும் மரவள்ளியில் தேமலும் இப்படித்தான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகின்றன. கொத்தாகச் சுருங்கிய இலை, திட்டுத்திட்டான மஞ்சள் உள்ள செடியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர் கொடுத்தாலும். ஒரே மரத்தின் நகல்களாலேயே தோட்டத்தை நிரப்பினால் ஒரு நோய்க்கு எல்லாம் ஒன்றாகச் சாயும். வாழை வைத்தால் இரண்டு ரகம் வையுங்கள், கொய்யாவும் அப்படியே.

வேர் பிடித்த பதியமோ ஒட்டோ கையில் வந்ததும் நேராகத் தரையில் வைக்கத் தோன்றும். ஒரு மாதம் தொட்டியில் பாதி நிழலில் பழக்கி, மழைக்காலம் முடிவதற்குள் நடுங்கள். தைக்குமேல் நட்டால் வேர் இறங்கும் முன் வெயில் பிடித்துவிடும். ஒட்டு மா முதல் வருடமே பூக்கும். அந்தப் பூவை முதல் மூன்று வருடம் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். பூ எடுத்துக்கொள்ளும் உணவு அந்த வருடங்களில் வேருக்குத்தான் வேண்டும்.